பனியில் நிற்கும் தீர்த்தகிரி

களி கிண்டும்போது முனிலட்சுமி யாரோடும் பேசமாட்டாள். பேச்சில் கை தளரும். கை தளர்ந்தால் களி கட்டி தட்டும். நானூறு பேருக்குக் கிண்டுகிற களியில் ஒரே ஒரு கட்டி இருந்தாலும் அது எப்படியோ வழி கண்டுபிடித்து சூப்பர்வைசர் தட்டில் போய் விழும்.

ஓசூர் சிப்காட்டில் அந்த கியர் கம்பெனி கேன்டீனில் திங்களும் வியாழனும் மதியத்துக்குக் களி. அன்றைக்கு வியாழன். கொதிக்கிற அண்டாவுக்கு இந்தப் பக்கம் முனிலட்சுமி, அந்தப் பக்கம் சரோஜம்மாள். இருவர் கையிலும் நெஞ்சு உயரத் துடுப்பு. ஆடி பிறந்து ஒரு வாரம். வெளியே தகரக் கூரையைக் காற்று பிறாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஆவியில் எதிரில் நிற்பவள் முகம் தெரியவில்லை.

மாதவன் வந்து நின்றதையும் அவள் பார்க்கவில்லை. கம்பெனிக்கு ஆள் எடுப்பதும் ஆளை நிறுத்துவதும் அவன் வேலை. முப்பது வயது இருக்கும். கேன்டீன் சமையல்கட்டுக்குள் அவன் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

"முனிலட்சுமிம்மா, ஒரு நிமிஷம்."

அவள் துடுப்பை நிறுத்தவில்லை. சரோஜம்மாள்தான் பதில் சொன்னாள். "அடி புடிச்சிக்கும் சார். பத்து நிமிசம் அப்படிக் குந்துங்க."

மாதவன் உப்பு மூட்டை மேல் குந்தினான்.

களி இறுகி, துடுப்பு நட்டுக்கொண்டு நின்ற பிறகு முனிலட்சுமி வந்தாள். முழங்கை வரை மாவு.

"உங்க ஹஸ்பண்டு மிலிட்டரில இருந்தாராமே. சண்டையில இறந்துட்டாருன்னு பைல்ல இருக்கு."

"ஆமா சார்."

"ஏழு வருஷமா இங்க வேலை செய்யறீங்க. ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு பாருங்க." அவனுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது போலத்தான் தெரிந்தது. "கார்கில் வெற்றி நாள் வருது. பத்தாவது வருஷம். ஞாயித்துக்கிழமை லீவு, அதனால திங்கட்கிழமை வெச்சிருக்கோம். பூனா ஹெட் ஆபீஸ்லேர்ந்து பெரியவர் வர்றார். உங்கள மேடையில உக்கார வெச்சுப் பொன்னாடை போத்தணும். உங்க ஹஸ்பண்டு போட்டோ ஒண்ணு வேணும். யூனிபார்மோட."

முனிலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"அவுரு கார்கில்ல சாகல சார்."

"அப்புறம்?"

"சிலோன்ல. யாழ்ப்பாணத்துல. எம்பத்தெட்டாம் வருசம் ஆவணியில."

மாதவன் உப்பு மூட்டையிலிருந்து எழுந்தான். "அமைதிப்படையா?"

"அப்படித்தான் பேரு வெச்சிருந்தாங்க."

அவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். காற்று ஒரு தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எங்க இறந்தார்ன்னு சொல்லவே வேணாம்மா. நாட்டுக்காக இறந்தார். அவ்வளவுதான்."

"சொன்னா இன்னா சார்?"

"மே மாசந்தான் அங்க எல்லாம் முடிஞ்சுது. நம்ம ஷாப்புல பாதிப் பேர் கறுப்புப் பட்டை குத்திக்கிட்டு மெஷின்ல நின்னாங்க, தெரியும்ல? இப்பப் போய் மைக்ல அந்த ஊர் பேரு வேணாம்." போகப் போனவன் திரும்பினான். "உங்க பையனும் குத்தியிருந்தான். ராஜேஷ்குமார். இன்னும் ட்ரெய்னிதானே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

அவன் போனதும் சரோஜம்மாள் கன்னடத்தில், "ஹோகலி பிடு," என்றாள். அதே மூச்சில் தமிழிலும் சொன்னாள். "போவட்டும் வுடு. மேடையில நாற்காலி போடறாங்க, சால்வை போத்தறாங்க. வேணாம்ன்னா சொல்லுவ? நானெல்லாம் இருபது வருசமா நின்னுக்கினே இருக்கறன்."

முனிலட்சுமி களியைப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கட்டி தட்டியிருந்தது.

*

மத்திகிரியில் மாட்டுப் பண்ணை மதில் முடிகிற இடத்தில் ஆறு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். ஒரு கக்கூஸ், ஒரு குழாய். ஆறு வீட்டிலும் கம்பெனி ஆட்கள். ஒருவர் திருநெல்வேலி, ஒருவர் அரியலூர், ஒருவர் பெரம்பலூர். முனிலட்சுமி மட்டும் இந்த ஜில்லா. மத்தூர் பக்கம். பென்ஷன் ஒரு வயிற்றுக்குச் சரியாக இருந்தது. இன்னொரு வயிற்றுக்காகத்தான் ஓசூர் வந்தாள்.

வீட்டுச் சுவரில் வெறும் ஆணி இருந்தது. அதன் கீழே ஒரு சதுரம் மற்ற சுவரைவிட வெளுப்பாக இருந்தது. மே மாதம் பதினெட்டாம் தேதி வரைக்கும் அங்கே அவள் புருஷன் தீர்த்தகிரி படமாக இருந்தான். அன்றைக்கு ராஜேஷ்குமார் சட்டையில் கறுப்புப் பட்டையோடு வந்து, நாற்காலி போட்டு ஏறி, அப்பாவை இறக்கினான். "இவுரு யார சுடப் போனாரு?" என்று கேட்டான். பக்கத்து வீட்டு அரியலூர்க்காரர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டையிலும் பட்டை. அதற்கு முந்தின வாரம் வரை மின்சாரம் போனால் மெழுகுவத்தி கேட்டு வந்த மனிதர். அன்றிலிருந்து வரவில்லை.

அவள் படத்தைப் பழைய புடவையில் சுற்றி இரும்புப் பெட்டியில் வைத்தாள். அந்தப் பெட்டியும் அவனுடையதுதான். கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெயின்டில் அவன் பெயரும் நம்பரும். எண்பத்தெட்டில் மத்தூர் பக்கத்துக் கிராமத்துக்குத் தந்தி வந்த பிறகு வந்தது இந்தப் பெட்டி மட்டுந்தான். உள்ளே இரண்டு லுங்கி, ஒரு சவரக் கத்தி, அவள் எழுதிய நான்கு கடிதம். உடம்பை அங்கேயே எரித்துவிட்டதாகக் காகிதத்தில் போட்டிருந்தது. பெரிய அதிகாரி யாரும் வரவில்லை. தாலுகா ஆபீஸ் பியூன் ஒருவன் வந்து, சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். வயிற்றில் ஆறு மாதம் அவளுக்கு. மோர் கொடுத்தாள். குடித்தான்.

பதினோரு வருடம் கழித்துக் கார்கில் சண்டை வந்தது. காவேரிப்பட்டினம் பக்கத்துப் பையன் ஒருவன் பெட்டியில் வந்தான். பெட்டி மேல் கொடி. ரோட்டின் இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். முனிலட்சுமியும் ராஜேஷைக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நின்றாள். அவன் கையில் காகிதக் கொடி. ஜனம் அழுதது. முன்பின் தெரியாத பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். "எங்கப்பாவுக்கும் இப்படி எல்லாரும் வந்தாங்களாம்மா?" என்று பையன் கேட்டான். "வந்தாங்க," என்றாள். அவனிடம் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

தீர்த்தகிரி கடைசி லீவில் வந்தது எண்பத்தெட்டு மாசியில். இருபது நாள். வயலில் மோட்டார் கொட்டாய் நிழலிலேயே கிடந்தான். அந்த இருபது நாளில் ஒரு மத்தியானம், சோறு கொண்டுபோனவளிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பையனிடமும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ராஜேஷ்குமார் வந்தான். செருப்பைக் கழற்றவில்லை.

"இன்னாத்துக்கு அத வெளிய எடுத்த?"

"கம்பெனியில கேட்டாங்க. திங்கக்கெழம மேடையில வெக்கறாங்களாம்."

"கேட்டா குடுத்துடுவியா?"

"இருபத்தொரு வருசம் யாருடா கேட்டாங்க? ஒருத்தன் கேட்டான். குடுக்கறன்."

"இன்னான்னு சொல்லி வெப்பாங்க? அங்க போய் நம்ம ஜனத்த அடிச்சாருன்னா?"

"நாட்டுக்காக செத்தாருன்னு."

அவன் சிரித்தான். "எந்த நாட்டுக்கு? போவச் சொன்னவங்க அந்தச் சண்டைய பத்தி வாயே தொறக்க மாட்டாங்க. தெருவுல போறவன் இவுர துரோகின்றான். ரெண்டு பேரும் வேணாம்ன்னு தூக்கிப் போட்ட ஆள நீ தொடச்சிக்கினு உக்காந்திருக்கற."

"நான் தூக்கிப் போடல."

"ஒண்ணு மட்டும் சொல்லு. இவுரு சுட்டாரா இல்லியா?"

"நான் கேக்கல."

"இத்தினி வருசமா கேக்கலியா?"

"செத்தவர எப்படிடா கேப்பன்?"

"லீவுல வந்தாருல்ல. இருபது நாளு இருந்தாருல்ல. அப்ப கேட்டிருக்கலாமில்ல."

முனிலட்சுமி கண்ணாடியில் ஒரு முறை ஊதி, துடைத்தாள்.

"அந்த இருபது நாளுலதான்டா நீ உண்டான."

அவன் நின்றான். பிறகு வெளியே போனான். அவரைக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். அது அப்படியே இருந்தது. மறுநாள் காலை படத்தை ஒரு பையில் போட்டு டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். மைக்கில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தீர்த்தகிரி பெயரை யாராவது மரியாதையாகச் சொல்லிக் கேட்கவேண்டும். ஊர் பெயர் இல்லாவிட்டால் போகிறது என்று கூட நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன் மேலேயே எரிந்து விழுந்தாள்.

*

திங்கட்கிழமை காற்று அதிகம். பார்க்கிங் கொட்டகைக்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள். அவள் தண்ணீர் டிரம்மை உருட்டிக்கொண்டு போனபோது தரையில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் விரித்துக் கிடந்தது. நான்கு மூலையிலும் செங்கல். ஒருவன் அதன் மேல் முட்டி போட்டு உட்கார்ந்து பிளேடால் பிறை பிறையாக வெட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளை மலைகள். பனி. பனியில் ஒரு சிப்பாய். காதை மூடிய தொப்பி, தடித்த ஜாக்கெட், கையில் பெரிய துப்பாக்கி. அவ்வளவும் யாரோ. முகம் மட்டும் தீர்த்தகிரி. கழுத்து ஒட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. கீழே எழுத்து: கார்கில் மாவீரன் தீர்த்தகிரி.

அவள் டிரம்மை நிறுத்தினாள்.

"இது யாரு ஒடம்பு?"

பிளேடுக்காரன் நிமிர்ந்தான். "எங்க கடை கம்ப்யூட்டர்ல இருந்ததுக்கா. எங்ககிட்ட இருக்கற மிலிட்டரி ஒடம்பு இது ஒண்ணுதான். எந்தத் தலைய வேணாலும் வெக்கலாம், கரெக்டா உக்காரும்."

"எதுக்கு வெட்டற?"

"காத்து போவ வேணாமா? ஓட்டை போடலன்னா ஆடிக் காத்துக்குக் கம்பத்தோட பிச்சிக்கினு போயிடும்." பேசிக்கொண்டே அடுத்த வெட்டு வைத்தான்.

"நெஞ்சுல வெட்டறியே."

"நெஞ்சு இல்லக்கா. ஜாக்கெட்டு."

முனிலட்சுமி மாதவனைத் தேடிக்கொண்டு போனாள். அவன் இரண்டு போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தான்.

"சார். பொய்யி எழுதியிருக்குது."

"பாத்தேன்மா. நான் பேரு மட்டும் போடுன்னுதான் சொன்னேன். கடைக்காரன் அவனா எழுதிட்டான்."

"அத அழிக்கச் சொல்லுங்க."

"பெரியவர் கார் அத்திப்பள்ளி தாண்டிருச்சு. இனி எங்க அழிக்கறது?"

"அவுரு பனியே பாத்ததில்ல சார். மத்தூர் வெயில்ல பொறந்தாரு, அந்த ஊரு வெயில்ல செத்தாரு."

"யாரும்மா இதெல்லாம் பாக்கப் போறாங்க?" அவன் குரல் தணிந்தது. "நீங்க பேசவே வேணாம். மைக்கக் குடுப்பாங்க. 'நன்றி'ன்னு சொல்லிட்டு உக்காந்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ராஜேஷ் நல்லதுக்கும்."

அவள் சமையல்கட்டுக்குத் திரும்பினாள். துடுப்பை எடுத்தாள். அன்றைக்குக் களி கிண்டிய வேகத்தைப் பார்த்து சரோஜம்மாள், "அண்டா ஒடஞ்சிடப் போவுது," என்றாள். கேன்டீன் மேஸ்திரி ஆஞ்சப்பன் வந்து, "முனிலட்சுமி, மூஞ்சி கழுவிக்கினு போ. கூப்புடறாங்க," என்றார். அவள் முகம் கழுவவில்லை. அப்படியே போனாள்.

நானூறு பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுக்கு முந்தின அரை மணி. கொடி ஏறியது. பூனாக்காரர் இந்தியில் பேசினார். மாதவன் தமிழில் சொன்னான். நாடு தன் வீரர்களை ஒருநாளும் மறக்காது என்றான். நம் கம்பெனிக் குடும்பத்திலேயே ஒரு வீரரின் மனைவி இருப்பது நமக்குப் பெருமை என்றான். தீர்த்தகிரி என்ற பெயர் ஸ்பீக்கரில் வந்து கொட்டகைத் தகரத்தில் பட்டுத் திரும்பியது. பூனாக்காரர் பொன்னாடை போர்த்தினார். மாவு அப்பிய கையோடு அவள் கும்பிட்டாள். பின்னால் ஃப்ளெக்ஸ் படபடத்தது. மைக் அவள் கைக்கு வந்தது.

மூன்றாவது வரிசையில் ட்ரெய்னிகள். ராஜேஷ்குமார் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பேச வராது," என்றாள் முனிலட்சுமி. "எங்க வூட்டுக்காரரு கடைசி லீவுல வந்தப்ப ஒண்ணு சொன்னாரு. அத மட்டும் சொல்றன்."

மாதவன் தலையாட்டினான். நல்ல ஆரம்பம்தான்.

"அவுரு இருந்த கூட்டத்துல தமிழு தெரிஞ்ச ஆளு அவுரு ஒருத்தர்தான். அதனால அவுரு கையில மைக்க குடுத்துட்டாங்க. ஒரு ஊருக்குள்ள போனா மொத ஆளா அவுருதான் போவணும். ஒவ்வொரு வூட்டு முன்னாலயும் நின்னு கூப்புடணும். எப்படிக் கூப்புட்டன்னு எனக்குச் சொல்லிக் காட்டுனாரு."

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். குரல் மாறியது. உரத்து, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"உள்ள இருக்கறவங்க எல்லாரும் வெளிய வாங்க. பயப்படாதீங்க. நாங்களும் தமிழங்கதான்."

ராஜேஷ்குமார் தலையை நிமிர்த்தினான்.

"இப்படிக் கூப்புட்டாரு. அவங்களும் தமிழ கேட்டு நம்பி வெளிய வந்தாங்களாம்." நிறுத்தினாள். "அதுக்கு மேல சொல்லல. தண்ணி கேட்டாரு. குடுத்தன். அப்பறம் லீவு முடியற வரைக்கும் அவுரு வாயிலேருந்து ஒரு வார்த்த வரல. அது கார்கில் இல்ல. யாழ்ப்பாணம். அங்க பனி கெடையாது."

மைக்கை இறக்கினாள். காற்று ஃப்ளெக்ஸின் ஓட்டைகளில் நுழைந்து விசில் அடித்தது. மாதவன் முகம் வெளுத்திருந்தது.

பூனாக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவள் பேசி முடித்துவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது. எழுந்து நின்று கைதட்டினார். உடனே மாதவன் தட்டினான். முன்வரிசை அதிகாரிகள் தட்டினார்கள். அவர்கள் தட்டுவதைப் பார்த்து அடுத்த வரிசை. பிறகு எல்லாரும். மே மாதம் பட்டை குத்தியவர்களும் தட்டினார்கள். குத்தாதவர்களும் தட்டினார்கள். காவேரிப்பட்டினம் ரோட்டில் மார்பில் அடித்துக்கொண்டபோது கேட்ட அதே சத்தம். நிற்கவே இல்லை. பின்னால் ஒருவன் விசிலடித்தான். முனிலட்சுமி அந்த நானூறு பேரையும் பார்த்தாள். ஒவ்வொருத்தன் வாயிலும் கையில் அப்பியிருக்கும் மாவை அள்ளி அடைக்கவேண்டும் போல இருந்தது.

ஒருவன் மட்டும் தட்டவில்லை. இரண்டு கையையும் முட்டி மேல் வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

*

பொன்னாடையைச் சமையல்கட்டு ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, கையைத் தண்ணீரில் நனைத்து, களி உருட்டினாள். வரிசை வந்தது.

"சூப்பரா பேசுனீங்கக்கா," என்றான் ஒருவன்.

"தட்ட நீட்டு," என்றாள்.

அரியலூர்க்காரரும் வரிசையில் வந்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் களியை வைத்தாள். அவர் நகர்ந்துவிட்டார். சரோஜம்மாள் கீரைக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "இனி உன்ன இங்க வெச்சிருப்பாங்களோ இல்லியோ," என்றாள். முனிலட்சுமி அடுத்த உருண்டையை உருட்டினாள். ஜன்னல் வழியே மேடை தெரிந்தது. எல்லாரும் போய்விட்ட இடத்தில் தீர்த்தகிரி மட்டும் பனியில் நின்று, நெஞ்சு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

ராஜேஷ்குமார் வந்தான். தட்டு நீட்டவில்லை.

"வெளிய வந்தவங்க இன்னா ஆனாங்க?"

"தெரியாது."

"நெசமா?"

"அத சொல்லாமத்தான்டா செத்தாரு."

பின்னால் இருந்தவன், "நகருப்பா, ஷிப்டு இருக்குது," என்றான். ராஜேஷ்குமார் நகரவில்லை. ஜன்னலைப் பார்த்தான்.

"போட்டோவ அவங்ககிட்ட இருந்து இன்னிக்கே வாங்கிடு. பொட்டியிலயே இருக்கட்டும். நான் மாட்டச் சொல்லல."

"சரி."

"ஆனா அந்த ஃப்ளெக்ஸ் அங்க தொங்கக் கூடாது."

மேடைப் பக்கம் இரண்டு செக்யூரிட்டி நின்றிருந்தார்கள். அவன் மார்பில் ட்ரெய்னி அட்டை தொங்கியது. அதில் அவன் முகம். கழுத்து சரியாக இருந்தது. அவள் அட்டையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"நைலான் கயிறு," என்றாள். "கையால அவுக்க வராது."

கீரை நறுக்கிய கத்தி பலகை மேல் கிடந்தது. அதை எடுத்தாள். முந்தானையில் இரண்டு பக்கமும் துடைத்தாள். பிடியை அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த தட்டு வந்து நின்றது. அவள் கையை நனைத்தாள்.